திறந்த பிறகு கை வைக்கக் கூடாது

எண்ணை ஒளித்து வைக்கும் வேலையை இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். எங்கள் பழைய பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன மாதம் போனில் சொன்னாள். ஒரு பொத்தானைத் தட்டினால் அதுவே ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதுவே பூட்டி வைத்து, எல்லோரும் சரி என்ற பிறகு அதுவே திறந்தும் காட்டிவிடுமாம். "உங்கள் காலத்தில் யார் மேடம் ஒளித்து வைத்தது?" என்று இந்தியில் கேட்டாள்.

"சுனந்தா மேடம்" என்றேன்.

"அவர் எந்தப் பிரிவு?"

"எந்தப் பிரிவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிறகு அவளே, "இதையெல்லாம் எழுதி வையுங்கள் மேடம், எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று கெஞ்சினாள். எழுதினால் தமிழில்தான் எழுதுவேன், நீ யாரையாவது பிடித்துப் படித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். இந்தக் கதையில் கோபம் நிறையவே இருக்கிறது.

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பூனாவை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கே தொழிலாளர் குவார்ட்டர்ஸில்தான். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். இயற்பியல் படித்தேன், தேர்வு எழுதினேன், பூனாவிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அறிவியல் அலுவலர் வேலை கிடைத்தது, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. என்னை ஆளாக்கியது அதற்குப் பிறகு வந்த எங்கள் குழுத் தலைவர் கேல்கர் சார்தான்.

என்ன வேலை என்று இப்போது குடியிருக்கும் பாணேரில் எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் லிஃப்டில் கேட்பார்கள். குவார்க் என்று ஆரம்பித்தால் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொள்வார்கள். உண்மையில் அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமில்லை. அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன, அவற்றுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன. ஓர் எலக்ட்ரானை அசுர வேகத்தில் அதன்மேல் மோதவிட்டு, அது எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு சிதறி வருகிறது என்று அளந்தால், உள்ளே அடிபட்ட குவார்க் புரோட்டானின் மொத்த உந்தத்தில் எவ்வளவு பங்கைச் சுமந்துகொண்டிருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதில் யாரும் எதிர்பாராத ஒன்று என்னவென்றால், தனியாக இருக்கும் புரோட்டானில் குவார்க்குகள் ஒரு மாதிரி நடந்துகொள்கின்றன, அணுக்கருவுக்குள் மாட்டிக்கொண்ட புரோட்டானில் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. பெரிய பங்கைச் சுமக்கிற குவார்க்குகள் அங்கே குறைந்துவிடுகின்றன.

எங்கள் குவார்ட்டர்ஸை நினைத்துக்கொண்டால் எனக்கு இது விளங்கிவிடும். தனி பங்களாவில் இருக்கிற அதிகாரி வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள். நாங்கள் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தவர்கள், எங்கள் வீட்டுச் சண்டைகூட அடங்கிய குரலில்தான் நடக்கும். ஏன் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. மொத்தத்தில் அக்கம்பக்கத்தில் எவ்வளவு கூட்டம் என்பதாலா, அல்லது யாராவது ஒருவர் நம் வீட்டுக்குள்ளேயே வந்து இடித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரங்களாலா? பெரிய அணுக்கருக்களில் இரண்டு காரணமும் ஒரே விடையைத்தான் தரும். எடை குறைந்த அணுக்கருக்களில்தான் இரண்டும் பிரியும். இரண்டு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் உள்ள ஹீலியம்-3 அதற்கு நல்ல இடம். ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான் மட்டும் உள்ள டியூட்டிரியத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஹீலியத்தை அதோடு ஒப்பிட வேண்டும்.

இடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம் என்பது கேல்கர் சாரின் கட்சி. வருஷக்கணக்காக அதையே பிடித்துக்கொண்டிருந்தார். ஹீலியத்தில் விடை இப்படித்தான் வர வேண்டும் என்று தன் அறைக் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து வைத்திருந்தார். எதிர்க்கட்சியின் கோட்டையும் பக்கத்திலேயே, அதே கவனத்தோடு வரைந்திருந்தார்.

சார் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். "பகூ" என்பார். பார்க்கலாம் என்று மராட்டியில் சொல்வது. குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்தக் கருத்து பிடிக்காதோ, அதற்காக அவர்தான் வாதாட வேண்டும். "ராஜேஸ்வரி, இப்போது நீ என் எதிரி. என்னை உதை" என்பார். முதல் தடவை தப்புத் தப்பாக உளறினேன். பிறகு பழகிப்போய், நன்றாகவே உதைத்தேன். சரியாக உதைத்தால் தன் டீயில் பாதியைச் சாஸரில் ஊற்றி நம் பக்கம் தள்ளுவார். அதுதான் பாராட்டு.

சாதிக் எங்களிடம் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். முனைவர் பட்டத்துக்கு வந்தவன், என்னைவிடச் சில வயது இளையவன். அவனுடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து, பூனாவில் கேம்ப் கடைத்தெருவில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். நிலையத்திலேயே தமிழ் பேசுகிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என் வேலூர்த் தமிழும் அவனுடைய நெல்லைத் தமிழும் மோதிக்கொள்ளும். "இன்னாப்பா துன்னே?" என்று கேட்டால், "அக்கா, தமிழ்ல கேளுங்க, சொல்லுதேன்" என்பான். இரண்டு பேருக்குமே தமிழில் பாதி இந்திதான் என்பது வேறு விஷயம்.

சோதனை நடந்தது வெளிநாட்டில், எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் ஒரு முடுக்கியில். நானும் சாதிக்கும் முறை வைத்துப் போய்ப் பணிநேரம் பார்த்துவிட்டு வந்தோம். ஹீலியம் வாயுவைக் குளிரவைத்து, சின்ன அலுமினிய டப்பாவில் அடைத்து, எலக்ட்ரான் கற்றையை அதன் வழியே செலுத்துவார்கள். கற்றை டப்பாவின் முன்சுவரையும் பின்சுவரையும் துளைத்துக்கொண்டுதானே போக வேண்டும், அங்கேயும் மோதும். அதனால் காலி டப்பாவையும் தனியாக அளந்து, சுவரின் பங்கைக் கழித்துவிட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் பிசகினால் அலுமினியத்தை ஹீலியம் என்று சொல்லிக்கொண்டு திரிவோம். சோதனை இரண்டு பருவங்களாக நடந்தது. தரவுகள் பூனாவுக்கு வந்தன. அவற்றை அலசி விடை சொல்வது எங்கள் பொறுப்பு.

அங்கேதான் சுனந்தா மேடம் வருகிறார். விடையை முதலிலேயே பார்த்துவிட்டால், பிடித்த விடை வருகிற வரைக்கும் தோண்டுவோம், வந்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவோம். இது மனுஷ புத்தி. அதனால் ஹீலியத்தில் சிதறிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை ஏதாவது ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி வைத்துவிடுவது வழக்கம். வேலையெல்லாம் முடிந்து, இனி மாற்ற ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் அந்த எண்ணை எடுத்துவிட்டு உண்மையான விடையைப் பார்ப்போம். திறந்த பிறகு எதிலும் கை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் குழுத் தலைவர்தான் எண்ணை வைத்திருப்பார். கேல்கர் சார் மாட்டேன் என்றுவிட்டார். "இங்கே ஆசை அதிகம் உள்ளவன் நான்தான். எனக்குத்தான் முதலில் தெரியக் கூடாது" என்று சொல்லி, தன் மனைவியைக் கூட்டிவந்தார்.

சுனந்தா மேடம் பருத்திப் புடவையும் பெரிய கைப்பையுமாக வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். சார் ஓர் எண் போதும் என்றார். மேடம் விடவில்லை. "இரண்டு பருவம் என்றீர்களே? பக்கத்துப் பக்கத்து பெஞ்சுக்கு ஒரே கேள்வித்தாளா கொடுப்பது? ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதிவிடுவான்" என்று, பருவத்துக்கு ஒன்றாக இரண்டு எண் வைத்தார். சாருக்கு அப்படி ஒரு பெருமை. "பார், முப்பது வருஷம் காப்பியடிக்கிறவர்களைப் பிடித்த கை" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதற்குப் பிறகு மேடத்தை எங்கே பார்த்தாலும் சாதிக், "ரோட்டைப் பார்த்துக் கடந்து போங்கள் மேடம், உங்கள் தலையில் ஹீலியம் இருக்கிறது" என்பான். எண்கள் அவர் தலையில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

வேலை முடியப் போகிற சமயத்தில் சாதிக்குக்கு நெருக்கடி வந்தது. கடையைக் கவனித்துவந்த அவன் சாச்சா, வாப்பாவின் தம்பி, இறந்துபோனார். வாப்பாவுக்கு சர்க்கரை, கால் வேறு சரியில்லை. இத்தனை வயதாகியும் மகன் படித்துக்கொண்டே இருக்கிறான் என்று அவருக்குக் குறை. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சாதிக்குக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தெளிவான முடிவோடு கட்டுரை வந்தால் இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

"இந்த ரமலானுக்குள்ள ஒரு வழிய பாரு, இல்லன்னா கடையில வந்து உக்காருன்னு வாப்பா சொல்லிட்டாங்கக்கா" என்றான் கேன்டீனில். "கடையில உக்காந்தா செத்துருவேன். சூட்கேஸ் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கிட்டே செத்துருவேன்."

"இன்னாத்துக்கு இப்படிப் பேசுற? அடுத்த வாரம் திறக்கப் போறோம். விடை எந்தக் கோட்டுல விழுந்தா இன்னா, தெளிவா விழுந்தா போதும் இல்ல?"

"அது போதும்க்கா. சார் கோட்டுல விழுந்தாலும் சரி, எதிரி கோட்டுல விழுந்தாலும் சரி. நடுவுல மட்டும் விழுந்துரக் கூடாது."

திறந்த நாள் எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. சுனந்தா மேடம் எல்லோருக்கும் ஜவ்வரிசியில் சாபுதானா கிச்சடி செய்து கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிவு படிக்கிற குரலில் இரண்டு எண்களையும் சொன்னார். சாதிக் அவற்றைத் தட்டினான். சுவரில் படம் விழுந்தது. முதல் பருவப் புள்ளிகள் சாரின் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றன. இரண்டாம் பருவப் புள்ளிகள் மொத்தமாக மேலே ஏறி நின்றன. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் எந்தக் கோட்டிலும் சேராமல் நடுவில் தொங்கியது. ஒரே ஹீலியம், ஒரே எலக்ட்ரான், இரண்டு விடை. யாரும் கிச்சடியைத் தொடவில்லை. சார் மட்டும் "பகூ" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டை எடுத்து மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

காரணத்தை சாதிக்தான் கண்டுபிடித்தான். இரண்டு பருவத்துக்கும் நடுவே ஹீலியம் டப்பா கசிந்து, வேறு டப்பா மாற்றியிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே வரைபடத்தை வைத்து ஒரே பட்டறையில் செய்த டப்பா, சுவரும் அதே கனம்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு, பழைய காலி டப்பாவின் கணக்கையே கழித்தோம். சாதிக் விடாமல் அந்தப் பட்டறைக்கு எழுதி, மாற்று டப்பாவை அறுத்து அளக்கச் சொன்னான். சுவர் கனமாகத்தான் இருந்தது. அதாவது இரண்டாம் பருவத்தில் நாங்கள் அலுமினியத்தைக் குறைவாகக் கழித்திருக்கிறோம். மிச்ச அலுமினியம் ஹீலியத்தோடு ஹீலியமாக எண்ணப்பட்டுவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எதையும் ஒளித்து வைக்காமல் சாதாரணமாக வேலை பார்க்கிற குழுவாக இருந்தால், இரண்டு பருவமும் ஒத்துப்போகவில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். டப்பாவை அப்போதே பிடித்திருப்பார்கள். நாங்கள் பருவத்துக்கு ஓர் எண் வைத்துப் பெருக்கியதால், ஒன்று மேலே நின்றாலும் கீழே நின்றாலும் அது மேடத்தின் எண் செய்த வேலை என்றே நினைத்தோம். ஏமாறக் கூடாது என்று அளவுக்கு மீறி கவனமாக இருந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சுனந்தா மேடம் இதைக் கேட்டுவிட்டு முகம் சுருங்கிப்போய் நின்றார். "நான் ஒரே எண் வைத்திருந்தால் இந்தப் பையன் தப்பித்திருப்பான், இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை மேடம், அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ உளறினேன்.

சரியான கனத்தைப் போட்டு சாதிக் மறுபடி படம் வரைந்துகொண்டு வந்தான். இரண்டு பருவமும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாக நின்றன. நின்ற இடம் சாரின் கோடு. அச்சு அசலாக அதே கோட்டில். சாதிக்கின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "திறந்த பிறகு கை வைக்கக் கூடாது" என்றார்.

"சார், இது தவறு. அளந்து பார்த்த தவறு. டப்பாவையே அறுத்துப் பார்த்தாகிவிட்டது" என்றான் சாதிக்.

"தெரியும். நீ சொல்வது சரி என்றே நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

நான் பொறுமை இழந்துவிட்டேன். தப்பு என்று தெரிந்தும் அதையே அச்சில் போடுவது என்ன நேர்மை, இது வீண் பிடிவாதம், ஒரு பையனின் வாழ்க்கை இதில் இருக்கிறது என்று ஆங்கிலமும் மராட்டியும் கலந்து கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கு முன்பு வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில், வேறொரு குழு திறந்த பிறகு ஒரு திருத்தம் போட்டதை சார் எழுந்து நின்று ஏற்க மறுத்திருந்தார். அவர்கள் முகம் தொங்கிப்போனதை நானே பார்த்தேன். அதற்காகத்தான் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன், அதையும் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. என் பக்கம் திரும்பி, "ராஜேஸ்வரி, இப்போது நீ என் எதிரி. இந்த இரண்டு படத்தையும் கேல்கர் வெளியிட்டிருக்கிறான். என்னை உதை" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "முதல் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் தோண்டினீர்கள். ஒரு தவறு கிடைத்தது. உங்கள் கோட்டில் வந்து நின்றதும் தோண்டுவதை நிறுத்திவிட்டீர்கள். எதிர்ப்பக்கம் தள்ளுகிற தவறு இன்னும் எத்தனை உள்ளே இருக்கிறதோ, யார் தேடினீர்கள்?" என்றேன்.

சார் டீயில் பாதியைச் சாஸரில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடவில்லை. சாதிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களுமாக்கா?" என்றான். அவ்வளவுதான். படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

கட்டுரை சார் சொன்னபடியே வந்தது. திறந்தபோது எப்படி விழுந்ததோ அப்படியே முதல் படம். டப்பா விஷயம் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டது. திருத்திய படம் கடைசியில் பின்னிணைப்பில், 'இது விடையைப் பார்த்த பிறகு செய்தது, முடிவாகக் கொள்ள வேண்டாம்' என்ற குறிப்போடு. கட்டுரையில் முதல் பெயராக சாதிக்கின் பெயரைத்தான் போட்டார் சார். ஆனால் இப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு யார் என்ன செய்வார்கள்? முடிவு எதுவும் சொல்ல முடியாத கட்டுரை என்று தூக்கி ஓரமாக வைத்தார்கள். வெளிநாட்டு வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. சாதிக்குக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. சார் அவனுக்காகத் தெரிந்த இடத்துக்கெல்லாம் எழுதினார், போனில் பேசினார், தன் சுபாவத்துக்கு மாறாகக் கெஞ்சக்கூடச் செய்தார். ரமலானும் வந்தது. வாப்பாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. சாதிக் போய்க் கடையில் உட்கார்ந்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால், இது வெறும் கணக்குப் பிழை, திருத்திவிட்டு ஒரு வரி எழுதினால் போதுமே என்பார்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறும் இல்லை. எனக்கே இன்றைக்கும் சார் செய்ததில் முழுச் சம்மதம் கிடையாது. சில நாள் அவர் செய்தது சரி என்று தோன்றும். கேம்ப் பக்கம் போய், சாதிக் ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்த நாளில், அந்த மனுஷன் கல்நெஞ்சக்காரர் என்று தோன்றும்.

என்னோடு சாதிக் சில மாதம் பேசவில்லை, பிறகு தானாகச் சரியாயிற்று. என் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பெட்டி எல்லாம் அவன் கடையில்தான். சாரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கடுகடுப்பான். "அவர் விரதம் இருந்தார், நான் பட்டினி கிடந்தேன்" என்பான். சார் ஓய்வு பெற்ற விழாவுக்கு வரவில்லை. இறந்தபோது வந்தான். சுனந்தா மேடத்துக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அந்த வருஷங்கள் இன்னமும் ஏங்க வைக்கிற வருஷங்கள்தான். சனிக்கிழமைக் கூட்டம், சாஸர் டீ, கரும்பலகையில் பகையாளிகள் போல நின்ற இரண்டு கோடுகள், கேன்டீனில் சாதிக்கோடு போட்ட தமிழ்ச் சண்டை. இப்போது பால்கனியில் உட்கார்ந்து யோசித்தால், அதற்குப் பிறகு அவ்வளவு உயிரோடு நான் இருந்ததாகவே தோன்றவில்லை. திரும்பக் கிடைக்குமானால் அந்தத் திறந்த நாள் உட்பட எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் பேசிய பெண் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல மட்டும் கூப்பிடவில்லை. வெளிநாட்டில் புதிய கருவிகளோடு, எங்களைவிடப் பல மடங்கு தரவுகளோடு, ஹீலியத்தை மறுபடி அளந்திருக்கிறார்களாம். கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தேன். புதிய புள்ளிகளின் மேல், ஒப்பிடுவதற்காக, பழைய புள்ளிகள் சிலவற்றைச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் பின்னிணைப்புப் படத்தின் புள்ளிகள் அவை. ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

மகளிடம் சொல்லி அச்செடுத்துக்கொண்டு, உடனே ஆட்டோ பிடித்தேன். பாணேரிலிருந்து கேம்ப் வரைக்கும் போக்குவரத்தைத் திட்டிக்கொண்டே போனேன். இவனிடம் இதைக் காட்டுவது நல்லதா? நீ அன்றைக்கே சரியாகச் சொன்னாய் என்று இத்தனை காலம் கழித்துச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டு வருவதுதானே? பாதி வழியில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கடையில் சாதிக் ஒரு குடும்பத்துக்குப் பெட்டி காட்டிக்கொண்டிருந்தான். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வாங்கக்கா, என்ன இந்த வெயில்ல? உக்காருங்க, சாய் சொல்லுதேன்" என்றான். நான் தாளை நீட்டினேன்.

ஒரு பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனான். வாங்க வந்தவர் இந்தியில் விலை கேட்டார், இரண்டாம் தடவையும் கேட்டார். "ஏக் மினிட், பாய்சாப்" என்றான், தலை தூக்கவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். பாத்தீங்களாக்கா, பாத்தீங்களா என்று கத்துவான் என்று காத்திருந்தேன். கத்த அவனுக்கு உரிமை இருந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"திறந்து பாத்த பொறவு இவங்க எதையும் மாத்துனாங்களாக்கா?"

"இல்லப்பா. எதுலயும் கை வெக்கல. உள்ள எழுதியிருக்காங்க."

"எங்க? காட்டுங்க."

காட்டினேன். அந்த வரியை உதடு அசைய இரண்டு தடவை படித்தான். பிறகு தாளை நீவி மேஜைமேல் வைத்தான்.

"அப்பன்னா நம்பலாம்க்கா" என்றான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டி வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.